இருபத்தேழு வருட விடுப்பு

1

இந்தக் கதை இலக்கியத் தாகத்தில் பிறந்ததல்ல. மதியத் தூக்கம் கெட்டுப்போன கடுப்பில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இஸிக்-குல் ஏரியின் கிழக்குப் பக்கத்தில் ஒரு ஊர். (பெயர் சொல்ல மாட்டேன். கதையில் ஒரு வாத்தியார் வருகிறார். ஊர்ப் பெயரைப் போட்டால் என்னைத் தேடி வந்துவிடுவார். அவருக்குப் பெரிய கைகள்.) அந்த ஊரில் சாய்ரகுல் என்பவரின் வீட்டுப் பின்னறையில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். ரொட்டிக் கடையில் எனக்கு விடிகாலை வேலை. மதியம் ஒரு மணிக்கு வந்து படுத்தால் நாலு மணிவரை என்னை யாரும் எழுப்பக் கூடாது என்பது ஒப்பந்தம். எட்டு வருடமும் சொச்சமும் அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றிய சாய்ரகுல், இந்த ஜூலையில் அதைக் காற்றில் விட்டார். என் ஜன்னலுக்கு நேர் கீழே அடுப்பை மூட்டி, ஆப்ரிகாட் ஜாம் கிண்டிக்கொண்டு, கரண்டி போகிற தாளத்துக்கு உரக்கச் சொன்னார்:

"ஸ்காபுலா! ஹூமெருஸ்! ராடியுஸ்! உல்னா!"

முதல் நாள், யாரோ விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இரண்டாம் நாள், அவை குதிரையின் முன்னங்கால் எலும்புகள் என்று தெரிந்தது. பத்தாம் நாள் தூக்கத்தில் நானே சொன்னேனாம். கேட்டவர் அவர் கணவர் சபர்பெக், மினிபஸ் ஓட்டுகிறவர். "வீட்டுல ஒரு மாடு இல்ல, ஒரு ஆடு இல்ல. மூணு மாட்டு டாக்டரு" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மூன்றாவது டாக்டர் நான். முதலாமவர் சாய்ரகுல். இரண்டாமவன் அவர்கள் மகன் பைதூர். பிரச்சினையே இந்த இரண்டாமவன்தான்.

2

எப்படித் தொடங்குவது என்பதிலேயே ஒரு வாரம் போனது.

முதல் முயற்சி: பனி மூடிய சிகரங்களின் அடிவாரத்தில், நீலக் கண்ணாடியாய் விரிந்து கிடந்த ஏரியின்

(வேண்டாம். இங்கே யாரும் மலையைப் பார்ப்பதில்லை. கொடியில் துணி காயும்போது மட்டும், மேகம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.)

இரண்டாம் முயற்சி: கண்ணாடி முன் நின்ற சாய்ரகுல், நரைத்த கூந்தலைத் தடவியபடி, கடந்துபோன இளமையை

(இதைச் சாய்ரகுலிடம் கிர்கிஸில் சொல்லிக் காட்டினேன். "எங்க வீட்டுக் கண்ணாடி முன்னாடி நிக்க எனக்கு என்னிக்கு இடம் கிடைச்சுது? பைதூர் நகர்ந்தாத்தானே?" என்றார். நியாயம்.)

மூன்றாம் முயற்சி: பெண்கல்வி என்பது

(மன்னிக்கவும்.)

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிர்கிஸ் நாட்டுக் கதை என்றதும் வேட்டைக் கழுகையும் புழுதி பறக்க ஓடும் குதிரையையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். கழுகு கிடையாது. குதிரை உண்டு. ஆனால் அது செத்து முப்பது வருடத்துக்கு மேலாகி, கால்நடை மருத்துவக் கல்லூரியின் தாழ்வாரத்தில் வெறும் எலும்பாக நிற்கிறது. மாணவர்கள் அதன்மேல் பையை மாட்டுவார்கள்.

ஆகவே நடந்ததையே சொல்கிறேன். சாய்ரகுல் 1997இல் அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். முதல் வருடத்தை முடித்தார். அடுத்த ஜூனில் கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை. மாமியார், "ஒரு வருஷம்தானே, குழந்தையைப் பார்த்துக்கிட்டு அப்புறம் போயேன்" என்றார். கல்லூரியும் ஒரு வருடம் விடுப்பு என்று ஆணை தட்டிக் கொடுத்தது. அந்த ஒரு வருடம் முடியவில்லை. மகளுக்குப் பின் மாமியாருக்கு வாதம். மாமியாருக்குப் பின் மழலையர் பள்ளியில் சமையல் வேலை, பத்தொன்பது வருடம். நடுவில் பைதூர்.

போன செப்டம்பர் முதல் தேதி, அதே கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்த பைதூரைக் கொண்டுபோய் விட்டார் சாய்ரகுல். மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாம் உள்ளே ஓடினார்கள். அவர் கால் இரண்டு எட்டு தானாக முன்னால் போனது. வாட்ச்மேன், "பெத்தவங்க வெளியில, எஜே*" என்றார். வீட்டுக்கு வந்து நேராகப் பரணில் ஏறி, பெட்டியைக் குடைந்து, பழைய மதிப்பெண் புத்தகத்தையும் அந்த ஆணையையும் எடுத்தார். அன்றிலிருந்து அவர் வருடம் முழுக்கக் காத்திருந்தது இந்த செப்டம்பருக்கு. மார்ச் மாதமே பேனா வாங்கிவிட்டார்.

(* எஜே என்றால் அக்கா. மூத்த ஆணைக் கூப்பிட பைகே. இவற்றைச் சொல்ல மரியாதை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வயது இருந்தால் போதும்.)

3

ஜூன் மாதக் கடைசியில் கல்லூரி அலுவலகத்துக்குப் போனார். மேசையில் செஜிம் என்ற இளம்பெண் இருந்தாள்.

"பையனுக்கு சர்டிபிகேட்டா, எஜே?"

"இல்லம்மா, எனக்குத்தான். லீவு முடிஞ்சு வந்திருக்கேன்."

"எந்த லீவு?"

பிளாஸ்டிக் பையிலிருந்து ஆணையை எடுத்து, மேசையில் வைத்து, மடிப்பைத் தேய்த்துவிட்டார். செஜிம் தேதியைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"எஜே, இதுல ஒரு வருஷம்னு போட்டிருக்கே."

"ஆமா. கொஞ்சம் இழுத்துடுச்சு."

"அப்ப நான் பொறக்கவே இல்ல!"

"அதுக்காக உன்னை யாரும் குத்தம் சொல்லலையேம்மா."

செஜிம் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்த் துணை முதல்வரைக் கூட்டிவந்தாள். அவர் நல்ல மனிதர். ஆணையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முத்திரை அசல். கையெழுத்துப் போட்டவர் காலமாகிவிட்டார்.

"ரொம்ப சந்தோஷம். செப்டம்பர்ல முதல் வருஷம் சேர்ந்துடுங்க. விண்ணப்பம் அங்க இருக்கு" என்றார்.

"முதல் வருஷம் நான் படிச்சாச்சு."

"அது வேற பாடத்திட்டம்..."

"குதிரைக்கு அதுக்கப்புறம் எலும்பு எதுவும் கூடியிருக்கா?"

"கூடல. ஆனா..."

"முதல் வருஷம் பூரா செத்த குதிரை, சார். ரெண்டாம் வருஷம்தான் உசிரோட இருக்கறதைத் தொட விடுவாங்க. நான் செத்ததோட நின்னுட்டேன். மறுபடியும் அது முன்னாடியே கொண்டுபோய் நிறுத்தாதீங்க."

இதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது என்று எழுதியிருந்தேன். உடையவில்லையாம். "சத்தமாத்தான் சொன்னேன். செஜிம் கதவைச் சாத்திட்டா" என்றார். திருத்திவிட்டேன்.

துணை முதல்வர் ஒரு வழி சொன்னார். தவறிய மாணவர்களுக்கு ஆகஸ்ட் கடைசியில் மறுதேர்வு. அவர்களோடு உட்கார்ந்து வேதியியல், லத்தீன், உடற்கூறு மூன்றையும் தேறினால், செப்டம்பர் முதல் தேதி இரண்டாம் வருட வகுப்பு. "லிஸ்ட்ல உங்க பேரையும் சேர்த்துக்கறேன்" என்று, சுவரில் ஒட்டியிருந்த தாளில் பேனாவால் எழுதினார். ஒன்பதாம் எண்: சாய்ரகுல்.

அவர் எழுதி முடிக்கும்வரை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாய்ரகுலின் கண் மெல்ல மேலே ஏறியது. ஒன்பது, எட்டு, ஏழு. நாலாம் எண்: பைதூர். உடற்கூறு.

அந்தப் பைதூர், "எல்லாம் பாஸ் அபா" (அபா என்றால் அம்மா) என்று சாய்ரகுலிடம் சொல்லி, அதற்காக இறைச்சி வைத்த சமோசா இருபது தின்று முடித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

4

வீட்டில் பைதூர் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தான்.

"நாலாம் நம்பர்" என்றார் சாய்ரகுல்.

அவன் திரும்பவில்லை. கண்ணாடியிலேயே அம்மாவைப் பார்த்தான். "யாரு சொன்னா?"

"சுவரு சொல்லுச்சு. எதுக்குடா பொய் சொன்ன?"

"ஆகஸ்ட்ல எழுதிப் பாஸாயிட்டு உண்மையாக்கிடலாம்னு பார்த்தேன் அபா. அதுவரைக்கும் அது பொய் இல்ல, முன்கூட்டியே சொன்னது." பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "ஆமா, நீங்க எதுக்குக் காலேஜுக்குப் போனீங்க?"

"என் பேரைப் போட. ஒன்பதாம் நம்பர்."

விஷயத்தைச் சொன்னார். பைதூர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என் கிளாஸ்லயா? என் பெஞ்சுலயா? வேணாம் அபா. எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ஒரே கிளாஸ்ல உக்கார முதல்ல நீ பாஸாகணும். இல்லேன்னா நான் ரெண்டாம் வருஷம், நீ முதல் வருஷம். வழியில பார்த்தா எனக்கு வணக்கம் வைக்கணும்."

சபர்பெக் விழுந்து விழுந்து சிரித்தார். "என் கிழவி சீனியரு! டேய், ராகிங் பண்ணிடப் போறா!"

(இங்கே ஒரு குறுக்கீடு. சபர்பெக்கை எதிர்ப்புத் தெரிவிக்கும் கணவனாக முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் கதைக்குச் சூடு பிடிக்காது என்று ஒரு பயம். ஆனால் அவர் எதிர்க்கவே இல்லை. அவருக்கு இது வேடிக்கை. வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "எங்க வீட்டுல படிக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார், பாதி கிண்டலும் பாதி வேறேதோவுமாக. ஆகவே அவரை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. சூடு வேறெங்கிருந்தாவது வரட்டும்.)

5

என் மதியத் தூக்கம் பறிபோனது இதற்குப் பிறகுதான். ஜாம் கிண்டும்போது முன்னங்கால். மாவு உருட்டும்போது முதுகெலும்பு. காலண்டரில் தினமும் ஒரு கட்டத்தை அடிப்பார். அடித்துவிட்டு மீதியை எண்ணுவார். பைதூரைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, "கேளுடா கேள்வி" என்பார். அவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பான். அவர் தப்பாகச் சொன்னால் கண்ணை எடுக்காமலே திருத்துவான். அவன் எப்போது படித்தான் என்று யாருக்கும் தெரியாது. அவன் படிக்கவில்லை. கேட்டுக் கேட்டே ஏறிவிட்டது, எனக்கு ஏறினது மாதிரி.

ஆகஸ்ட் நடுவில் சபர்பெக்கின் பெரியப்பா வீட்டில் விருந்து. ஆட்டை அறுத்து வேகவைத்து, எந்த எலும்புத் துண்டு யாருக்கு என்று வயதுப்படி பிரித்து வைப்பார்கள். இந்தப் பிரிவினையில் ஒரு துண்டு மாறினால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. அன்று பரிமாறியவர் சாய்ரகுல். இடுப்பெலும்பு எப்போதும் வீட்டில் மூத்தவருக்கு. அதைப் பெரியப்பாவின் தட்டில் பயபக்தியோடு வைத்து, குனிந்து, "எடுத்துக்கோங்க, ஓஸ் கோக்ஸே" என்றார்.

பெரியப்பாவின் கை நின்றது. "யாரை என்ன சொன்னா இவ?"

"எலும்போட பேரு, தாத்தா" என்றான் பைதூர்.

"எனக்கு எலும்போட பேரு தெரியாதா? எழுபத்தெட்டு வருஷமா திங்கிறேன். இவ என்னமோ திட்டினா!"

"லத்தீன்ல சொன்னேன்" என்றார் சாய்ரகுல்.

"என் வீட்டுல, என் தட்டை வச்சுக்கிட்டு, லத்தீன்ல திட்டினியா?"

சமாதானம் செய்ய ஒரு மணி நேரமானது. கிளம்பும்போது பெரியப்பா சபர்பெக்கைத் தனியாகக் கூப்பிட்டு, "அவளைக் காலேஜுக்கு அனுப்பிடு. வீட்டுல வச்சுக்காதே" என்றார்.

இனி வாத்தியார். இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். உடற்கூறு நடத்துகிற ஜோல்தோஷ், ஜூனில் பைதூரைத் தவறவைத்தவர், 1997இல் சாய்ரகுலின் பெஞ்சில் பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்தவர். அது மட்டுமில்லை. முதல் வருட உடற்கூறுத் தேர்வில் அவர் தேறியதே சாய்ரகுல் முணுமுணுத்த விடையால்தான். கதையில் இப்படி ஒரு தற்செயல் வந்தால் நானே புத்தகத்தை மூடிவைப்பேன். ஆனால் ஊரில் இருப்பது ஒரே ஒரு கால்நடைக் கல்லூரி. அதில் படித்து, வேறு வேலை தேட சோம்பல்பட்ட ஒருவன் வேறெங்கே போவான்? என்னைத் திட்டாதீர்கள். ஊரைத் திட்டுங்கள்.

6

வேதியியலில் மூன்று வாங்கினார், ஐந்துக்கு. லத்தீனில் ஐந்து. ஆகஸ்ட் இருபத்தேழு, புதன்கிழமை, உடற்கூறு. வாய்மொழித் தேர்வு. மேசையில் கவிழ்த்துப்போட்ட சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் உள்ளதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தாழ்வாரத்தில் எலும்புக் குதிரைக்குப் பக்கத்தில் ஒன்பது பேரும் நின்றார்கள். எட்டு பேருக்குப் பதினெட்டு வயது. ஒரு பெண் சாய்ரகுலிடம் வந்து, "எஜே, யாரோட அம்மா நீங்க?" என்று கேட்டாள். "நாலாம் நம்பரோட அம்மா. ஆனா இப்ப ஒன்பதாம் நம்பர்" என்றார். அந்தப் பெண் யோசித்துவிட்டு, "அப்ப முதுகெலும்பு மொத்தம் எத்தனைன்னு சொல்லுங்க" என்று நோட்டை நீட்டினாள். பைதூர் கண்டுகொள்ளாதவன்போல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

நாலாவதாக அவன் உள்ளே போனான். அந்த அறைக் கதவு சரியாகச் சாத்தாது. இது கட்டடத்தின் குறை. கதைக்காக நான் செய்ததல்ல. சாய்ரகுல் கேட்க நினைக்கவில்லை. ஆனால் காது திறந்துதான் இருந்தது.

"பின்னங்கால். நல்ல சீட்டுதான். சொல்லு" என்றார் ஜோல்தோஷ்.

நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, சுலபமாவே கேக்கறேன். இந்தா, இது என்ன?"

கதவிடுக்கில் ஜோல்தோஷின் பெரிய கை தெரிந்தது. உள்ளங்கையில் கணுக்கால் எலும்பு. இந்த நாட்டில் அந்த எலும்பைத் தெரியாத பிள்ளை கிடையாது. ஆட்டின் கணுக்கால் எலும்பை வைத்துத்தான் எல்லாப் பிள்ளைகளும் கோலி மாதிரி அடித்து விளையாடுவார்கள். பைதூர் ஒரு காலத்தில் தெருப் பிள்ளைகளிடம் ஜெயித்து ஒரு மூட்டை வைத்திருந்தவன். அன்று காலை டீ குடிக்கும்போதுகூட, அதன் லத்தீன் பெயரைச் சொல்லி அம்மாவைத் திருத்தியிருந்தான்: "குதிகால் கீழ, அபா. டாலுஸ் அதுக்கு மேல."

"தெரியாது" என்றான் பைதூர்.

"சும்மா உன் பாஷையிலயே சொல்லுடா."

"தெரியாது, சார்."

சாய்ரகுலுக்கு முதலில் வந்தது கோபமில்லை. யாரோ வீட்டுக்குள் புகுந்து மேசை நாற்காலியை எல்லாம் இடம் மாற்றிவைத்த மாதிரி இருந்தது. அவன் வெளியே வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான்; கேட்டுவிட்டார் என்று புரிந்தது. படியில் இறங்கிப் போய்விட்டான்.

இதுவரை நான் பெரிய பொய் எதுவும் சொல்லவில்லை. இந்த இடத்தில் சொல்ல ஆசையாக இருக்கிறது. கீழே உள்ளவை அடித்துவிட்ட வரிகள்:

மகனுக்காகச் சாய்ரகுல் தானும் 'தெரியாது' என்று சொல்லிவிட்டு

(கண்ணீர்க் கதை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.)

"ஜோல்தோஷ், உனக்கு ஞாபகம் இருக்கிறதா அந்த நாள்" என்று அவர் கேட்க, கடனைத் தீர்க்கும் விதமாக வாத்தியார்

(அசிங்கம்.)

நடந்தது இதுதான். இடையில் நாலு பேர் போய் வரும்வரை சாய்ரகுல் குதிரையின் விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய் மகனைப் பிடிக்க வேண்டும். ஆனால் ஓடினால் இரண்டாம் வருடம் போய்விடும். இரண்டையும் ஒரே நாளில் செய்வதற்கு ஒரு வழிதான் இருந்தது. பேர் கூப்பிட்டதும் உள்ளே பாய்ந்தார்.

"வா சாய்ரகுல், உக்காரு..." ஜோல்தோஷ் நாக்கைக் கடித்துக்கொண்டார். "உக்காருங்க."

"உக்கார நேரமில்ல, சார்." சீட்டை எடுத்தார். முன்னங்கால். ஒரே மூச்சில் சொன்னார். தோளில் ஆரம்பித்துக் குளம்பில் முடித்தார். ஜோல்தோஷ் குறித்துக்கொள்ள ஒரு தப்பும் இல்லை. "அப்புறம் வெளிய நிக்கிற குதிரைக்கு வலது தோள் இடது பக்கத்துல மாட்டியிருக்கு. இடது வலது பக்கத்துல. போகட்டுமா?"

ஜோல்தோஷ் எழுந்து வெளியே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். காது சிவந்திருந்தது.

"சுண்ணாம்பு அடிக்கிறப்ப நான்தான் கழட்டி மாட்டினேன். பதினாறு வருஷமாச்சு. ஒரு பய சொல்லல."

"எத்தனை மார்க்கு?"

"அஞ்சு போட்டா பழக்கத்துல போட்டேன்னு பேசுவாங்க. நாலு போடறேன்."

வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு மார்க்குக்கு அவர் மாலைவரை சண்டை போட்டிருப்பார். அன்று, "போடுங்க" என்று சொல்லி ஓடினார். மொத்தம் நாலு நிமிடம். அந்த ஒரு மார்க்கை இன்றுவரை சொல்லிச் சொல்லி வயிறெரிகிறார்.

7

பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள கடையில் பைதூர் அஷ்லான்ஃபூ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குளிர்ந்த புளிப்பு ரசத்தில் மிதக்கிற நூடுல்ஸ். இந்த ஊரில் துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் அதுதான். சாய்ரகுல் மூச்சிரைக்க எதிரில் உட்கார்ந்தார். அவன் கிண்ணத்தை இழுத்து இரண்டு வாய் குடித்தார். காரம் தலைக்கேறியது.

"பாஸா?" என்றான்.

"பாஸ். டாலுஸ் தெரியாதாடா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"சொன்னா பாஸாயிடுவேன்ல, அபா."

"ஜூன்லயும் இப்படித்தான் பண்ணினியா?"

"ஜூன்ல நெஜமாவே தெரியாது. உங்களாலதான் இப்ப தெரிஞ்சுபோச்சு."

சாய்ரகுலுக்கு அறையலாம்போல் இருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கியதில் இருமல் வந்தது. பைதூர் தண்ணீரை நகர்த்தி வைத்தான். பிறகு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மார்ச்லயே பேனா வாங்கினீங்க. நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டீங்க. செப்டம்பர் ஒண்ணுன்னு யாராவது சொன்னா உங்க மொகம் எப்படி ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கு அந்தத் தேதியை நெனச்சா காலண்டரையே திருப்பி மாட்டிடலாம்னு இருக்கு. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், காலேஜுன்னா அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இந்தக் கோடையில உங்களைப் பார்த்தப்பதான் அப்படி இல்லைன்னு தெரிஞ்சுது."

தன் சந்தோஷம் இப்படியும் ஒரு வேலை செய்யும் என்று சாய்ரகுல் நினைத்ததில்லை. தான் கத்திக் கத்திப் படித்தது அவனுக்கு ஊக்கமாக இருக்கும் என்றுதான் இரண்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தார்.

"வேற என்ன பண்ணப் போற?"

"தெரியல."

"தெரியலைன்னு ஒரு படிப்பு இருக்கா?"

"இருந்தா அதுல நான்தான் முதல் மார்க்கு."

"வாயி மட்டும் குறைச்சல் இல்ல."

"சனிக்கிழமை பத்து மணிக்கு, மறுதேர்வுலயும் தவறினவங்களுக்குக் கமிட்டித் தேர்வு இருக்கு. மூணு வாத்தியாருங்க. அதுதான் கடைசி. நீங்க போன்னு சொன்னா போறேன் அபா. ஒரு எலும்பு விடாம சொல்லிட்டு வந்துடறேன். உங்களோட ஒரே பெஞ்சுல வேணும்னாலும் உக்காந்துக்கறேன். நீங்க சொல்லுங்க."

போ என்ற வார்த்தை சாய்ரகுலின் நாக்கு நுனிவரை வந்தது. ஒரே ஒரு எழுத்து. பதினெட்டு வயதில் ஒரு ஜூன் மாதம், 'ஒரு வருஷம்தானே' என்று ஒருவர் சொல்ல, தானும் இப்படித்தான் 'நீங்க சொன்னா சரி' என்று தலையாட்டியது ஞாபகம் வந்தது. அந்த வார்த்தையை விழுங்கினார்.

"எனக்கும் ஒரு கிண்ணம் சொல்லு. காரம் கம்மியா" என்றார்.

8

இன்று வெள்ளிக்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி. இந்த வரியை எழுதும்போது மாலை ஐந்து மணி. முற்றத்தில் சாய்ரகுல் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். முதல் நாள் எல்லோரும் வெள்ளை போட வேண்டும். ஒரு சட்டையை முடித்துவிட்டு இன்னொன்றை விரித்தார். அது பைதூருடையது.

"அவன் நாளைக்குப் போறானா?" என்றேன்.

"சட்டைன்னா இஸ்திரி போடணும். போட்டுக்கிட்டு எங்க போறான்னு சட்டைக்குத் தெரிய வேணாம்."

"நீங்க சொல்லிட்டீங்களா, இல்லையா?"

"உனக்கு எதுக்கு?"

"கதை முடியணுமே எஜே."

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலாவது: பைதூர் தேறுகிறான், திங்கட்கிழமை அம்மாவும் மகனும் ஒரே பெஞ்ச். "மூணாம் நாளே அடிச்சுக்குவோம்" என்றார். இரண்டாவது: அவன் போகவில்லை, வேறெதையோ கண்டுபிடித்துப் பெரிய ஆளாகிறான். "பெரிய ஆளா? இன்னிக்கு வரைக்கும் அவன் படுத்த மெத்தையை அவன் சுருட்டி வச்சதில்ல." மூன்றாவது: அவன் முதல் வருடத்திலேயே மறுபடி உட்கார்கிறான், வழியில் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்கு வணக்கம் வைக்கிறான். இதற்கு மட்டும் சிரித்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எதுவரைக்கும் எழுதியிருக்க தம்பி?"

"இன்னிக்கு வரைக்கும்."

"அப்ப அதோட நிறுத்து. திங்கக்கிழமை என்னோடது. இருபத்தேழு வருஷமா வச்சிருக்கேன். நான் போய்ப் பார்க்கறதுக்கு முன்னாடி நீ அதைத் தொடாதே."

ஆகவே திங்கட்கிழமையை எழுத எனக்கு அனுமதி இல்லை. எழுதி வைத்திருந்த முக்கால் பக்கத்தை (மணி அடிக்கிறது, சாய்ரகுல் படி ஏறுகிறார், இரண்டாம் வருடத்துக் கொட்டகையில் ஒரு சினைப்பசு) கிழித்துவிட்டேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மீதி இருந்தது. அதையாவது முடிப்போம் என்று நாற்காலியைத் திருப்பினேன். பைதூர் ஜன்னலில் சாய்ந்து, ஒரு எழுத்தும் புரியாத என் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பைகே, இதுல நான் நாளைக்குப் போறேனா?"

"உங்கம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. ரெண்டு நாளா கெஞ்சறேன். 'உன் வாயி, உன் எலும்பு'ங்கறாங்க. அதான் உங்ககிட்ட கேக்கறேன்."

"இன்னும் எழுதலடா."

"எழுதினதும் சொல்லுங்க. என்ன எழுதியிருக்கீங்கன்னு தெரிஞ்சா, அதுக்கு நேர் எதிரா பண்ணிடறேன். அப்பவாச்சும் ஒரு முடிவுக்கு வரலாம்."

இப்படி மிரட்டுகிறவனை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தாளன் என்ன செய்ய? பேனாவை மூடிவிட்டேன். நாளைக் காலை பத்து மணி உங்களிடம் இருக்கிறது. போகிறான் என்றால் போகிறான், இல்லையென்றால் இல்லை. உங்களுக்குத் தோன்றியபடி முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் என்ன முடித்தீர்கள் என்று அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.